படம் பார்த்துப் போட்ட கையெழுத்து

கொரோனா முடிந்து கோயில்கள் எல்லாம் திறந்த பிறகு, கிள்ளானில் எங்கள் அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்தார்கள். கோபுரத்தை ஒட்டி இரும்புக் குழாயில் சாரம் கட்டி, மேலே பலகை மேடை போட்டார்கள். உபயம் கொடுத்த முப்பது பேர் அதில் ஏறி நின்று கலசத்துக்குத் தீர்த்தம் ஊற்றுவதைப் பார்க்கலாம் என்று ஏற்பாடு. அந்த முப்பதில் என் மனைவியும் ஒருத்தி. அதற்கென்றே மஞ்சள் சேலை எடுத்து, ஒரு மண்டலம் விரதம் இருந்தாள்.

நான் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். படிப்பு மூன்றாம் படிவத்தோடு சரி. ஆனால் அந்தச் சாரத்தின் நான்கு கால்கள் எங்கே நிற்கின்றன என்று எனக்குத் தெரியும். அது தரையே இல்லை. கோயிலின் பழைய லோங்காங்குக்கு, அதாவது சாக்கடைக்கு, மேல் போட்ட சிமெண்டு மூடி. முன்பு சிரமதானத்தில் அதைத் திறந்து சேறு அள்ளியவர்களில் நானும் ஒருவன். மேலே சாயம் பூசிவிட்டதால் இப்போது பார்க்கத் தரை மாதிரியே இருக்கும்.

கோயில் செயலாளரிடம் இரண்டு முறை சொன்னேன். “இஞ்சினியர் லெட்டர் கொடுத்தாச்சு லா. நீங்க ஃபோர்க்லிஃப்ட் பாருங்க, இத அவரு பாத்துக்குவாரு” என்று சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் காலை யாகசாலை பூசை முடிந்ததும், அந்த இஞ்சினியரை விழா மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். சாரம் உறுதியானது என்று கட்டணம் வாங்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம், அதுவே அவர் உபயமாம். நானும் கை தட்டினேன். அவர் சாப்பிடப் போகும் வழியில் மறித்தேன்.

“அண்ணே, அந்தச் சாரத்துக்குக் கீழ லோங்காங் போகுது. மூடி மேல கால நிறுத்தியிருக்காங்க. நீங்க கிட்டப் போய் பாத்தீங்களா?”

“படம் வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க. கிளியரா இருந்துச்சு. எத்தனை பேரு ஏறலாம்னு கணக்குப் போட்டுத்தான் சைன் பண்ணேன்.”

“படத்துல லோங்காங் தெரியாதுண்ணே. அஞ்சு நிமிஷம் வந்து பாருங்க.”

“நாளைக்கு வரேன்ல. சாமி காரியம், ஒன்னும் ஆகாது.”

என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். “எல்லாரும் பாக்குறாங்க, விடுங்களேன்.” விட்டுவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அன்று மதியம், மறுநாள் கூட்டத்தின் மேல் தெளிப்பதற்காகப் பீப்பாய் மாதிரிப் பெரிய பெரிய தோம்புகளில் தண்ணீரை மேலே ஏற்றினார்கள். மூன்றாவது தோம்பு போனதும் படாரென்று ஒரு சத்தம். சிமெண்டு மூடி உடைந்து, சாரத்தின் ஒரு கால் முழங்கால் ஆழத்துக்கு இறங்கியது. மேடை அப்படியே சாய்ந்து, தோம்புகள் உருண்டு கீழே விழுந்தன. மேலே இருந்த நான்கு பேரும் குழாயைப் பிடித்துத் தொங்கி, ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். ஒருவருக்குக் கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. என் மனைவி, மறுநாள் மேலே ஏறுவதற்குக் கொடுத்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மேடையையே பார்த்தபடி நின்றாள்.

அரைமணி நேரத்தில் இஞ்சினியர் வந்தார். உடைந்த மூடியைக் குனிந்து பார்த்தார். காலையிலேயே குனிந்திருக்கலாம். பிறகு என்னிடம் சொன்னார், “நீங்க இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணும்.”

“எவ்வளவு அழுத்தணும்ணே? கையெழுத்து உங்களுதா, என்னுதா?” என்று கேட்டேன்.

அதற்குள் யாரோ, “அம்மா காப்பாத்திட்டா” என்றார்கள். தேங்காய் உடைத்தார்கள், சூடம் ஏற்றினார்கள். நானும் கும்பிட்டேன். அவள்தான் காப்பாற்றினாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சூடத்தோடு பேச்சும் முடிந்துபோனதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவருக்குப் படிப்பைக் கொடுத்ததும் அதே அம்மன்தானே? கண்ணையும் கொடுத்தாளே?

சாரத்தைப் பிரித்துவிட்டார்கள். மறுநாள் குருக்கள் மட்டும் வேறு பக்கமாக ஏறினார். என் மனைவி கீழே நின்று தலையில் தீர்த்தம் வாங்கிக்கொண்டாள். “யாரும் இனி ஏற வேணாம்” என்றாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். ஃபோர்க்லிஃப்டை எடுப்பதற்கு முன் ஒரு தாளில் பிரேக், சங்கிலி, டயர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். பல வருடமாக நான் அதைக் கேண்டீனில் தே தாரிக் குடித்துக்கொண்டே போட்டு வந்தவன். அன்று பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. தே தாரிக்கை அப்படியே வைத்துவிட்டு வண்டிக்குப் போய், முட்டி போட்டுச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தேன்.

அந்த இஞ்சினியர் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம், அது இருக்கிற வரைக்கும் தினம் காலையில் நான் குனிந்து பார்ப்பேன்.