எங்கள் வீட்டுக்கு வந்த வார்த்தை

பள்ளியில் மன்னிப்புக் கடிதம் கேட்டால் பேசாமல் எழுதிக் கொடுத்துவிடு என்று என் மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சரியாகத்தான் சொன்னேனா என்ற குடைச்சல் அன்றிலிருந்து போகவில்லை. ஆறாம் வகுப்பில் என்னிடம் கேட்டபோது நான் எழுதவில்லை.

அம்மா அப்போது வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் பழுது பார்த்து நூல் பிசிறு வெட்டும் செக்கிங் வேலை பார்த்தாள். ஒரு மாலை வந்ததும், ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் ஒன்றை ஒரே ஒரு சொல் மட்டும் தெரியும்படி மடித்துப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு என்ன அர்த்தம் கண்ணு?" என்றாள். ஃபோர்த்வித். அகராதியைப் புரட்டி, உடனடியாக, அந்தக் கணமே, தாமதமில்லாமல் என்று சத்தமாகப் படித்தேன். பேச்சில் அவ்வளவாகப் புழங்காது, உத்தரவுகளில்தான் வரும் என்றும் போட்டிருந்தது. அம்மா தாளை இன்னும் சிறிதாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எனக்கு அந்தச் சொல் பிடித்துப் போயிற்று. மறுநாள் வகுப்புக் கட்டுரையில், தீயணைப்பு வண்டி ஃபோர்த்வித் வந்தது என்று எழுதினேன். டீச்சர் சிவப்பு மையில் வட்டமிட்டு, "உங்க வீட்ல யாரும்மா இப்படியெல்லாம் இங்கிலீஷ் பேசறது?" என்றார். வகுப்பு சிரித்தது. பார்த்து எழுதியதற்கு மன்னிப்புக் கடிதம் எழுது, அதுவரை வெளியே நில் என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன். கையைக் கட்டிக்கொண்டேன்.

அம்மாவுக்குப் போன் போட்டார்கள். அவள் வரமாட்டாள் என்றிருந்தேன். பெற்றோர் கூட்டத்துக்கே வந்ததில்லை. பர்மிஷன் கேட்டால் அரை ஷிப்ட் சம்பளம் போய்விடும். ஆனால் கால் மணி நேரத்தில் வந்து நின்றாள். புடவையில் ஒரு நூல் பிசிறுகூட இல்லை.

டீச்சர் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அது எங்க ஊட்டுக்கு வந்த வார்த்தைங்க மிஸ். எம்புள்ளதான் எனக்கு அர்த்தம் சொல்லுச்சு. பண்ணாத தப்புக்கு அவ லெட்டர் எழுத மாட்டாளுங்க. நானும் எழுதலீங்க."

டீச்சர் என்னை உள்ளே அனுப்பினார். எங்கம்மா ஃபோர்த்வித் வந்தாள் பார் என்று பக்கத்துப் பெண்ணிடம் பெருமையடித்தேன்.

பெண்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் கேட்டதற்குக் கம்பெனியில் மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள் என்பதும், அம்மா எழுதவில்லை என்பதும், அந்தத் தாள் அவளை வேலையைவிட்டு நிறுத்திய தாள் என்பதும் வெகுநாள் கழித்தே தெரிந்தது. அன்றைக்கு அவளுக்கு அதிலிருந்த அந்தச் சொல்லை அர்த்தம் அர்த்தமாகப் படித்துக் காட்டியது நான்தான்.