ஏரிக்கரைக் கோயிலில் கிடைத்த டப்பா

எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு பழைய சிவன் கோயில் இருக்கிறது. பூசை நின்று எவ்வளவோ காலம் ஆகிறது. சுவர் முழுக்கக் கல்லில் எழுத்து. அஞ்சாவது வரை படித்த எனக்கு அதில் ஓர் எழுத்தும் பிடிபட்டதில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பார்க்க வருகிறவர்களில் ஒன்றிரண்டு பேர் இங்கேயும் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். ஆள் அரவம் கேட்டால் நான் தூணுக்குப் பின்னால் போய்விடுவேன். என் வீட்டுக்காரர் போன பிறகு, வெள்ளிக்கிழமையில் அங்கே பெருக்கி விளக்கேற்றுகிறவள் நான் ஒருத்திதான். மகளுக்கு ஒரு குழந்தை வேண்டும் என்றுதான் அந்த விளக்கு.

மகளை அசலில் கொடுக்கவில்லை. அடுத்த தெருவில், என் நாத்தனார் மகனுக்கே கொடுத்தேன். வருஷங்கள் போயும் அவளுக்கு ஒன்றும் தங்கவில்லை. அவளுக்குப் பின்னால் அந்த வீட்டுக்கு வந்த சின்ன மருமகள் உடனே முழுகாமல் இருந்தாள். ஆனால் அந்தக் குழந்தை செத்துப் பிறந்தது.

அந்தத் துக்கம் ஆறுவதற்குள், ஆடு மேய்க்கிறவர் ஒருவர் கோயில் சுவர் இடுக்கிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தார். கறுப்பு டேப் சுற்றிய பிளாஸ்டிக் டப்பா. உள்ளே துணியில்லாத ரப்பர் பொம்மை, ஊக்கு, சிவப்புக் கயிறு, எந்த நாட்டுக் காசோ ஒன்று, சுருட்டிய காகிதத்தில் இங்கிலீஷ். பார்த்தவர்கள் எல்லாரும் சூனியம் என்றார்கள். அந்தக் கோயிலுக்குத் தவறாமல் போகிறவள் யார் என்று யாரும் கேட்கக்கூட இல்லை.

நாத்தனார் என் வாசலில் வந்து நின்றாள்.

"உம் பொண்ணுக்கு இல்லாதது எஞ் சின்ன மருமவளுக்கு எதுக்குன்னுதானே வெச்சே? வாயத் தொறக்காம இருந்துக்கினே இன்னா வேல பண்ணிகீறடி!"

தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. "நா இல்ல அண்ணி" என்று நான் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

முச்சந்தியில் எலுமிச்சம்பழம் அறுத்து டப்பாவைக் கொளுத்தினார்கள். அன்றிலிருந்து மகளை என் வீட்டுக்கு அனுப்பவில்லை. குழாயடியில் எதிர்ப்பட்டாலும் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். மாமியாருக்குப் பயந்துதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள், மெட்ராஸிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். செல்போன் மாதிரி ஒரு மிஷினைப் பார்த்துக்கொண்டே கோயிலைச் சுற்றினார்கள். அதே இடுக்கில் கையை விட்டுத் துழாவினார்கள். நான் தூணை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

"இன்னா தேடறீங்க?"

"ஒரு டப்பா பாட்டி" என்றாள் அந்தப் பெண். "இது ஒரு விளையாட்டு. இந்த மாதிரி பழைய எடத்துல யாராவது ஒளிச்சு வெச்சிட்டு, எடத்த கம்ப்யூட்டர்ல போடுவாங்க. இந்த மிஷின் வழி காட்டும். கண்டுபிடிச்சா பேர எழுதிட்டு, உள்ள இருக்கறதுல ஒண்ண எடுத்துக்கிட்டு நம்மளுது ஒண்ணு வெக்கணும்."

"பொம்ம வெப்பாங்களா?"

"பொம்மை, சாவிக்கொத்து, எது வேணா வெக்கலாம்."

முன்பின் தெரியாதவளின் கையைப் பிடித்துக்கொண்டேன். "இத்த எங்க அண்ணி வூட்ல வந்து ஒரு வார்த்த சொல்லும்மா. எம் பொண்ண எங்கிட்ட வுட மாட்டேன்றாங்க."

பாவம், வந்தார்கள். மிஷினைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார்கள். நாத்தனார் அவர்களுக்கு மோர் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பெட்ரோல் போட்டுக்கினு கார்ல வந்து செவுத்து சந்துல பொம்ம தேடுவாங்களா? யாருக்கு காது குத்தறே? எந்தூர்லேர்ந்து இட்டாந்தே இவங்கள?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த மனிதர் டப்பா எங்கே என்று கேட்டார். கொளுத்திவிட்டோம் என்றதும் பெண்சாதியைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். ஆனால் என் மகள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். எனக்கு அது போதும் என்றிருந்தது.

அடுத்த வருஷம் அவள் உண்டானாள். சீமந்தத்துக்குக் கலந்த சாதமெல்லாம் தாய்வீட்டிலிருந்துதான் போகும். "உங் கை சோறு வாணாமாம், ஓட்டல்ல சொல்லிட்டாங்க" என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது. போனேன். எல்லாருக்கும் பின்னால் நின்று வளையல் போடுவதைப் பார்த்தேன்.

நாத்தனார் காஞ்சிபுரம் போயிருந்த ஒரு மத்தியானம், மகள் தானாகவே வந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டு முன்னால் வைத்தேன்.

"சாப்ட்டுதாம்மா வந்தேன்."

"ஒரு வாயி சாப்புடு."

"வாணாம்மா."

"மோராச்சும் குடி. வெயில்ல வந்துகீறே."

பையிலிருந்து, தான் கொண்டு வந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள்.

"அந்த மெட்ராஸ்காரங்க சொன்னத அன்னிக்கி நீயும் கேட்டியே" என்றேன்.

"கேட்டேம்மா. உம்மேல எனக்கு சந்தேகமில்ல." வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "கொழந்த விசயம்மா."

மாமியார் பஸ் வருவதற்குள் போய்விட்டாள்.

பேத்தி பிறந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், என் வாசல் வழியாகத்தான். அவளுக்கென்று பாய் கடையில் வாங்கின மிட்டாய் ஒரு தடவை என் முந்தானையில் இருந்தது. சுற்றின காகிதம்கூடப் பிரிக்காதது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் உள்ளே போய்விட்டேன்.