நிற்கச் சொன்னார், நின்றுவிட்டாள்

போன வருஷம் புரட்டாசி மாதம் நடந்தது இது. உத்திரமேரூர் பக்கத்தில், சுற்றிலும் வயல் சூழ்ந்த ஒரு தனியார் கலைக் கல்லூரியில் நான் தமிழ் நடத்துகிறேன். தமிழுக்கும் கூடைப்பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் உடற்கல்வி ஆசிரியை பிரசவ விடுப்பில் போய்விட்டார். பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ஒரு பொறுப்பாசிரியை வேண்டும் என்று பிரின்சிபால் கூட்டத்தில் சொன்னதும், சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் அவசரமாகக் குனிந்து எதையோ எழுத ஆரம்பித்தார்கள். நான் விவரம் புரியாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். "மேடம் நல்ல உயரம், மேடமே பாத்துக்கட்டும்" என்று முடித்துவிட்டார். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது, தட்டிக்கொண்டேதான் ஓட வேண்டும் என்பதே எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும்.

பயிற்சி கொடுக்க வெளியிலிருந்து ஒரு கோச் வருவார். தென்மாவட்டத்துக்காரர். செங்கல்பட்டில் ஏதோ வேலை பார்த்துக்கொண்டு, சாயங்காலம் பைக்கில் வந்து இறங்குவார். ஆட்டம் தெரிந்தவர், அதில் குறை சொல்ல மாட்டேன். வாய்தான் வாய்க்கால் மாதிரி, திறந்தால் மூட மாட்டார். பந்தைத் தவறவிட்டால் எருமை. யோசித்து நின்றால் களிமண். மெதுவாக ஓடினால் மூட்டை. தப்புச் செய்தால் வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும், ஏன் ஓடச் சொன்னீர்கள் என்று கேட்டால் இன்னொரு சுற்று.

ஒரு பெண்ணின் பேர்கூட அவருக்குத் தெரியாது. "பேரு கேட்டு என்ன மேடம் செய்ய? இன்னைக்கு வாரா, நாளைக்கு ஓடிருதா. ஒரு மாசம் தாங்கட்டும், அப்புறம் பேரு கேக்கேன்" என்பார். கொஞ்சம் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்களேன் என்றால், "அடியாத மாடு படியாது மேடம்" என்று பழமொழி வேறு.

"அடிச்ச மாடெல்லாம் கயித்த அறுத்துக்கினு போயிடுச்சே சார்" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி நின்றார். அந்தப் பட்டத்துக்கு உண்மையில் யார் பொருத்தம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஆடி மாதம் முழு அணியாக இருந்தது, ஆவணியில் கரைய ஆரம்பித்தது. ஒருத்திக்கு வயிற்று வலி வந்தது, அது கோகோ ஆடும்போது மட்டும் வரவில்லை. ஒருத்தி நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தாள், அங்கே தொப்பியும் பப்ஸும் தருகிறார்களாம். இரண்டு பேர் காஞ்சிபுரத்தில் வேறு கல்லூரிக்கே மாறிப் போனார்கள். "அங்க கோச்சு 'வாம்மா'ன்னு கூப்புடறாரு மிஸ்" என்று ஒருத்தி டி.சி. வாங்கும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு 'வாம்மா'வுக்காகத் தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறார்கள் என்றால் இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொருத்தி போகும்போதும் ஆள் பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. திருப்புலிவனம், தென்னேரி என்று வீடு வீடாகப் போய்ப் பெற்றவர்களிடம் கெஞ்சினேன். பஸ்ஸில் ஏறினால் முகத்தைப் பார்க்கும் பழக்கம் போய், உயரத்தைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. கம்பியைப் பிடித்து நின்ற ஒரு பெண்ணிடம், "நீ எந்தக் காலேஜும்மா?" என்று கேட்டு, அவள் ஒரு பேங்க் ஆபீசர் என்று தெரிந்து, நான் பட்ட அவமானம் எனக்குத்தான் தெரியும்.

கடைசியில் புரட்டாசியில் மிஞ்சியது ஐந்தே பேர். ஆடுவதற்கு ஐந்து பேர் வேண்டும். ஒருத்திக்குச் சளி பிடித்தால்கூட அணி கிடையாது. மண்டலப் போட்டிக்கு இந்த வருஷம் அணி போகவில்லை என்றால் அணியையே கலைத்துவிட்டு, மைதானத்தை டூவீலர் ஸ்டாண்டாக மாற்றிவிடுவோம் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். ஸ்டாண்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அணியின் கேப்டன், தென்னேரியில் நெல் பயிரிடும் வீட்டுப் பெண், விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவள். அணி இல்லை என்றால் அவளுக்குச் சீட்டும் இல்லை. வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்துவிட்டுக் கல்லூரிக் கதவு எப்போது மூடும் என்று காத்திருந்தார்கள்.

அந்த ஐந்து பேரில் கோச்சிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் ஒரு நெட்டைப் பெண். உத்திரமேரூர் பஜாரில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் பாயின் மகள். நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு, வேகம் மட்டும் கிடையாது. மூட்டை என்ற பேர் அவளுக்கே நிலைத்துவிட்டது. "இந்த மூட்டைய வாலாஜாபாத் ரைஸ் மில்லுல எறக்கிப் போட்டுட்டு வாங்க மேடம்" என்று எல்லாரும் இருக்கும்போதே என்னிடம் சொல்வார். அவள் சிரித்துக்கொண்டே ஓடுவாள். அந்தச் சிரிப்பை நம்பி நானும் சும்மா இருந்தேன்.

போட்டி சனிக்கிழமை. புதன்கிழமை பயிற்சி முடியும் நேரத்துக்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கோச் பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டு, அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். கத்தாமல், மெதுவாக, "நீ இனிமே ஓட வேண்டாம்மா. நாளையில இருந்து நீ நின்னுரு" என்றார். சொல்லிவிட்டு மழைக்கு முந்திக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். அவளை அணியிலிருந்து எடுத்துவிட்டார் என்றுதான் பக்கத்தில் இருந்த எனக்கும் பட்டது.

மறுநாள் காலை அவள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். துவைத்து மடித்த ஜெர்சியை என் மேஜை மேல் வைத்தாள்.

"சார் நின்னுட சொல்லிட்டாரு மிஸ்."

"அவரு தெனம் ஏதாவது சொல்றதுதானேம்மா" என்றேன்.

"தெனம் கத்துவாரு மிஸ். நேத்து கத்தல. மெதுவா, அம்மான்னு சொன்னாரு. அதான் தெரிஞ்சிது, நெஜமாவே வேணாம்னு சொல்றாருன்னு."

அன்று பகல் முழுக்க கோச்சுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. மதியம் கேப்டன் வந்து நின்றாள். "அவ நின்னுட்டா நானும் நின்னுட வேண்டியதுதான் மிஸ். எங்க வூட்ல இதுக்குத்தான் காத்துக்கினு கீறாங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் அந்த மனிதர் விசிலை ஆட்டிக்கொண்டு வந்து இறங்கினார். நாலு பேரைப் பார்த்ததும், "நெட்டைய எங்க?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. "நீங்கதானே சார் நிக்கச் சொன்னீங்க" என்றேன்.

"ஆமா, நிக்கத்தான் சொன்னேன். எங்க நிக்கா?"

"கடையில நிக்கிறா."

"கடையில நின்னா இங்க ஆளை யாரு மறிப்பா? என்ன மேடம் சொல்லுதீங்க?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டோம். பிறகு அவர் குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். கூடைக்குப் பக்கத்தில் ஒருத்தி தூண் மாதிரி அசையாமல் நிற்க வேண்டுமாம். கேப்டன் பந்தோடு அவளை ஒட்டி ஓடும்போது, துரத்தி வருகிறவள் இவள் மேல் முட்டி நின்றுவிடுவாளாம். அதற்குத் தனிப் பேரே இருக்கிறது, ஸ்கிரீன். "ஓட்டம் அவளுக்கு வராது மேடம். ஆனா அவ நின்னான்னா ஒருத்தியும் அசைக்க முடியாது. ராத்திரிபூரா யோசிச்சு அவளுக்குன்னு கண்டுபிடிச்சேன்" என்றார்.

தலையில் அடித்துக்கொண்டேன். இரட்டுற மொழிதல் என்று வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவள் நான். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வரும்படி பாடுவது புலவர்களின் திறமை என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். இந்தப் புலவர் ஒரே சொல்லில் என் அணியைக் காலி செய்திருக்கிறார். நிற்கச் சொன்னார், அவள் நின்றேவிட்டாள்.

கேப்டனை என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு, கோச்சையும் பின்னால் வரச் சொல்லி, பஜாருக்குப் போனேன். மழை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. கடையில் அந்தப் பெண், கூரையிலிருந்து தொங்கிய பக்கெட்டுகளை ஸ்டூல் இல்லாமலே எட்டி எடுத்து ஒரு அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அத்தா தொழுகைக்குப் போயிருக்கிறார், உட்காருங்கள் மிஸ் என்றாள். கோச்சைப் பார்த்ததும் பக்கெட்டுக்குப் பின்னால் போய்விட்டாள்.

பாய் தொப்பியோடு திரும்பி வந்தார். எங்களை உட்கார வைத்து டீ சொன்னார். நான் விஷயத்தை விளக்கினேன். ஸ்கிரீன் என்றேன், தூண் என்றேன், இரட்டுற மொழிதல் வரைக்கும் போனேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி மேடம். நின்னுடுன்னதுக்கு வேற அர்த்தம்னே வெச்சிக்கலாம்" என்றார் கடைசியில். "மூட்டைன்னதுக்கு இன்னா வேற அர்த்தம் கீது?"

நான் டீ கிளாஸைப் பக்கத்தில் வைத்தேன்.

"எங்க வூட்ல யாரும் அப்டி பேசமாட்டோம் மேடம். தெனம் வந்து சிரிச்சிக்கினுதான் இருக்கும். நேத்து சோறு துன்னல, இன்னா பேஜாருன்னு அவங்க அம்மா கேட்டப்பறம்தான் எல்லாத்தையும் சொல்லுது. வெளையாட்டுக்குத்தானே அனுப்பனேன்." அவர் குரலை உயர்த்தவே இல்லை.

கடைக்கு வெளியே தூறலில் நின்றுகொண்டிருந்த கோச்சைத் திரும்பிப் பார்த்தேன். ஏதாவது பேசுங்கள் ஐயா, தினமும் எங்கள் காதைக் கிழிக்கிற வாய்தானே அது என்று எனக்குள் கொதித்தது. அவர் படியேறி உள்ளே வந்தார். அடுக்கி வைத்த முறங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மூட்டைக்கு வேற அர்த்தம் இல்ல பாய். அது என் வாய்க்கொழுப்பு."

பிறகு பக்கெட்டுகளின் பக்கம் திரும்பி, "வந்தா நல்லா இருக்கும்மா. வரலன்னாலும் உன் மேல குத்தம் கெடையாது" என்றார்.

கேப்டன் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவளுக்கே தெரியாமல். அவள் வாழ்க்கை அந்தப் பக்கெட்டுகளுக்குப் பின்னால் இருந்தது.

"வர்றேன் சார்" என்றாள் அந்தப் பெண். "நீங்க கத்துங்க, பரவால்ல. பேரச் சொல்லிக் கத்துங்க."

"உன் பேரு என்னம்மா?" என்றார் கோச். மூன்று மாதம் அவரிடம் ஓடியவளிடம் அன்றைக்குத்தான் கேட்கிறார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் டீயோடு விழுங்கினேன்.

சனிக்கிழமை ஐந்து பேரும் களத்தில் இறங்கினார்கள். எதிரணியில் ஒரு குட்டிப் பெண், அணில் மாதிரி ஓடுகிறாள். கேப்டனைத் துரத்திக்கொண்டு வந்தவள், எங்கள் நெட்டைப் பெண் மேல் முட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தப்பாட்டம் என்று நடுவர் விசில் ஊதவில்லை, நின்றவள் அசையவே இல்லையே. கேப்டன் பந்தைக் கூடையில் போட்டாள். கோச் சந்தோஷத்தில் எழுந்து நின்று அவள் பேரைச் சொல்லிக் கத்தினார். தப்பாகச் சொன்னார். அவள் ஆட்டத்துக்கு நடுவிலேயே திரும்பிப் பார்த்துத் திருத்தினாள். அவரும் திருத்திக்கொண்டு மறுபடி கத்தினார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

தோற்றுத்தான் போனோம், அதுவும் நன்றாகவே தோற்றோம். ஆனால் அணி போனது, ஆடியது, அதனால் கலைக்க முடியவில்லை. கேப்டன் இப்போது மூன்றாம் வருஷம் படிக்கிறாள். அன்று திரும்பி வரும் வேனில் கோச் மற்ற பெண்களின் பேரையும் கேட்டுக்கொண்டே வந்தார். கேட்ட விதம் போலீஸ் விசாரணை மாதிரி இருந்தது, இருந்தாலும் கேட்டார்.

மனிதர் அடியோடு மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். தை மாதத்துக்குள் மறுபடி இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஒருத்திக்குக் காரணம் கல்யாணம், இன்னொருத்திக்குக் காரணம் இவர். உடற்கல்வி ஆசிரியை வேலைக்குத் திரும்பிவிட்டார், குழந்தை சின்னது என்று பொறுப்பை மட்டும் என்னிடமே விட்டுவைத்திருக்கிறார்கள். நானும் பஸ்ஸில் உயரம் பார்த்துக்கொண்டுதான் போகிறேன்.

இப்போதெல்லாம் இரட்டுற மொழிதல் நடத்தும்போது, 'நின்னுடு' என்பதைத்தான் உதாரணமாகச் சொல்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். தினமும் ஏசியே பழகிவிட்டால், ஒரு நாள் அன்பாகச் சொல்வதும் ஏச்சாகத்தான் காதில் விழும் என்று சொல்லிவிட்டுப் பாடத்தை முடிப்பேன். ஆனால் பாய் கேட்ட அந்தக் கேள்வி மட்டும் வீடு வரைக்கும் கூடவே வருகிறது. இத்தனை வருஷம் தமிழ் படித்தும், மூட்டைக்கு வேறு அர்த்தம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.