கையொப்பமிட மறுத்த டொக்டர்

நிந்தவூர் வயல்வெளியில் உடைந்துபோன வாய்க்கால் கதவொன்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. டொக்டர் தவநாயகத்தின் டிஸ்பென்சரியில் நோயாளிகளுக்கு நம்பர் துண்டு கொடுக்கும் புஷ்பா. "சேர், நம்மட டொக்டர் போயிட்டார். காலையில தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதிரையில இருந்தவர், அப்படியே போயிட்டார்" என்றாள். அவள் வைத்த பிறகும் நான் சேற்றில்தான் நின்றிருக்கிறேன். வரம்பில் நின்ற கமக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக் கரையேற்றினார்.

டொக்டரை அறிந்த உங்களில் பலருக்கு என்னையும் தெரியும். அவரை அடித்தவன் நான்தான். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி ஒரு வரி எழுதவும் எனக்கு உரிமையில்லை.

என் வாப்பா முப்பது வருடங்களுக்கு மேல் கல்முனையிலிருந்து கொழும்புக்கு பஸ் ஓட்டியவர். சண்டைக் காலத்திலும் ஒருநாள் விடாமல் ஓட்டினார். பிறகு சொந்தமாக ஒரு வேன் வாங்கி வாடகைக்கு ஓடினார். எழுபத்து மூன்று வயதில் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழ் தேவைப்பட்டது. நான்தான் டொக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணைப் பார்ப்பார், பிரஷர் பார்ப்பார், கையொப்பமிடுவார் என்று நினைத்திருந்தேன்.

டொக்டர் வாப்பாவிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, எங்கள் ஆக்கள் மூத்த அண்ணனைக் கூப்பிடுவதுபோலவே, "காக்கா, ஒரு மணிக்கூடு கீறுங்க. பதினொண்டு பத்து காட்டோணும்" என்றார். வாப்பா வட்டத்தை அழகாகவே கீறினார். பன்னிரண்டு இலக்கங்களையும் வலது பக்கத்திலேயே நெருக்கி எழுதிவிட்டு, "சரிதானே டொக்டர்?" என்று நிமிர்ந்து பார்த்தார். அடுத்த தாளில் இலக்கங்களையும் எழுத்துகளையும் மாறி மாறிக் கோட்டால் இணைக்க வேண்டும். மூன்றாவது இலக்கத்தில் பேனா நின்றுவிட்டது. டொக்டர் என்னிடம் திரும்பினார். "தம்பி, வேன் எங்கயும் முட்டினதா? தெரிஞ்ச பாதை பிசகினதா?"

"அப்படி ஒண்டும் இல்ல" என்றேன். அது பொய். அதற்கு முந்திய மாதம் பள்ளிவாசல் மதிலில் உரசி வேனின் ஒரு பக்கம் முழுவதும் கிழிந்திருந்தது. ஒரு மாலை வாப்பா சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கையைத் தாண்டி அக்கரைப்பற்று வரை போய், வழி கேட்டுத் திரும்பி வந்திருந்தார்.

டொக்டர் தாளை மடித்தார். "கண் பிழையில்ல, கையும் பிழையில்ல. ரெண்டையும் சேர்க்கிற இடம் தளர்ந்திட்டுது. இந்தக் கடதாசிய மட்டும் வச்சு நான் முடிவு சொல்லல்ல. பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தாறன், அவங்க முழுசாப் பார்க்கட்டும். அதுவரைக்கும் காக்கா ஓட்டக் கூடாது."

வாப்பா அழுதார். என் உம்மாவை அடக்கம் செய்த ஜனாஸா அன்றுகூட அவர் அழுததை நான் பார்த்ததில்லை. "ஒரு கோழியக்கூட நான் அடிச்சதில்ல டொக்டர்" என்று விம்மினார்.

மேசைக்கு மேலால் பாய்ந்து டொக்டரின் சட்டையைப் பிடித்தேன். முதல் குத்தில் கண்ணாடி உடைந்து புருவம் பிளந்தது. இரண்டாவது குத்து வாயில் விழுந்தது. பிரஷர் பார்க்கும் கருவியைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். நோயாளிகள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். அவ்வளவும் போதாதென்று, "உன்ட ஆக்களுக்கெண்டா இப்படிச் செய்வியா?" என்று கத்தினேன். அவர் தமிழர், நாங்கள் முஸ்லிம்கள். இந்த ஊர்களில் அந்த ஒரு வார்த்தை எத்தனை வீடுகளை எரித்திருக்கிறது என்று தெரிந்தே கத்தினேன். என் குத்துகளைவிட அதுவே பெரிய அடி.

டொக்டர் கையை ஓங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து எடுத்த லேஞ்சியைப் புருவத்தில் அழுத்திக்கொண்டு, "அடிச்சாலும் கையொப்பம் வராது தம்பி. வேன் திறப்ப வாங்கி வை" என்றார்.

அன்று அவர் பொலிஸில் முறைப்பாடும் கொடுத்தார். அவரை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் மகான் என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள். அவர் அப்படியானவர் அல்லர். நான் ஓர் இரவு பொலிஸ் கூண்டில் கிடந்துவிட்டுப் பிணையில் வந்தேன். வந்ததும் வேனின் திறப்பைச் சாவி வளையத்தோடு எடுத்து வாப்பாவின் கையில் வைத்தேன். "நீங்க ஓட்டுங்க வாப்பா. ஆரு மறிக்கிற எண்டு பார்ப்பம்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் விடியலில் சுபஹு தொழுதுவிட்டு, பழைய கலண்டர் தாள்களின் பின்புறத்தில் வாப்பா மணிக்கூடு கீறிப் பழகினார். பன்னிரண்டாம் நாள், ஒன்று சரியாக வந்துவிட்டது என்று நம்பி, டொக்டரிடம் காட்டுவதற்காகத் தனியே வேனை எடுத்துக்கொண்டு போனார். டிஸ்பென்சரிக்கு முன்னால் நிறுத்தப் போனவர் பிறேக்குக்குப் பதிலாக அக்சிலேட்டரை மிதித்துவிட்டார். சைக்கிளில் மீன் விற்றுக்கொண்டு நின்ற ரபீக்கை வேன் தள்ளிக்கொண்டுபோய் மின்கம்பத்தோடு நசுக்கியது.

யாரோ தொலைபேசியில் சொல்ல, மோட்டார் சைக்கிளில் பறந்தேன். நான் போனபோது ரபீக்கை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவருடைய கால் முழங்காலுக்குக் கீழே கூழாகியிருந்தது. டொக்டர் முதலில் ஓடிவந்து அந்தத் தொடையைச் சாரத் துணியால் இறுக்கிக் கட்டியிராவிட்டால் ஆளே போயிருப்பார் என்று புஷ்பா பிறகு சொன்னாள்.

சனம் வாப்பாவை வேனிலிருந்து இழுத்து வீதியில் போட்டிருந்தது. சாரம் கிழிந்து, பல் உடைந்து, தாடியெல்லாம் இரத்தம். "வேனக் கொளுத்துங்கடா!" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் மீன்பெட்டியின் பலகையைப் பிடுங்கி ஓங்கினான். அந்தப் பலகை டொக்டரின் முதுகில் விழுந்தது. புருவத்தில் தையல் தழும்பு இன்னும் ஆறாத அந்த மனிதர் வாப்பாவின் மேல் கவிழ்ந்து கிடந்தார். இரண்டாம் அடியும் அவருக்கே விழுந்தது. அவர் தலையைத் தூக்கிக் கத்தினார்: "இவர் நோயாளி! நான் சோதிச்சவன், எனக்குத் தெரியும்! அடிக்கிறதெண்டா இவருக்குத் திறப்பக் குடுத்தவன அடிங்கடா!"

அப்போது அவர் என்னைக் கண்டார். விரல் நீட்டவில்லை, பெயர் சொல்லவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். சனத்தில் ஒருவனாக நான் நழுவியிருக்கலாம்; என் கால்கள் அதற்குத்தான் திரும்பின. ஆனால் அந்தப் பலகை மூன்றாம் முறை உயர்ந்தது.

"நான்தான் குடுத்த!" என்றேன்.

அதன் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். என் விலா எலும்புகள் இரண்டு முறிந்தன. அந்த இடைவெளியில் டொக்டரும் புஷ்பாவும் வாப்பாவை உள்ளே இழுத்துக் கதவைப் பூட்டினார்கள்.

ரபீக்கின் காலை எடுத்துவிட்டார்கள். வாப்பா அதன் பிறகு எட்டு மாதம்தான் உயிரோடு இருந்தார். "பிறேக்கத்தான் மிதிச்சன் மகன், பிறேக்கத்தான்" என்று கடைசிவரை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

டொக்டரை அடித்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிய பிறகு, டொக்டரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் மருந்து எழுதுவதை நிறுத்தவில்லை. "மன்னிப்ப ரபீக்கிட்டப் போய்க் கேளு. எனக்கு உன்னால ஒரு வேலை ஆகோணும். சனிக்கிழமையில வயசான சாரதிமார் வருவாங்க. மகன்மாரும் வருவாங்க. அவங்க எந்த நேரம் கை ஓங்குவாங்க எண்டு உனக்குத்தான் தெரியும். வெளிய வந்து இரு."

மூன்று வருடங்கள் சனிக்கிழமைதோறும் அந்த வாசலில் இருந்தேன். பெரும்பாலும் சண்டையில்லை, பலர் சோதனையில் தேறிச் சிரித்துக்கொண்டு போனார்கள். ஒருமுறை பாலமுனையிலிருந்து வந்த படகுக்காரர் ஒருவர், தகப்பனுக்குச் சான்றிதழ் இல்லை என்றதும் கதிரையைத் தூக்கினார். மணிக்கட்டைப் பிடித்தேன். தலையால் இடித்து என் மூக்கை உடைத்தார். இரத்தம் ஒழுக ஒழுக ரபீக்கின் காலைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் கதிரையைச் சுவரில் அடித்து நொறுக்கிவிட்டு நிலத்தில் குந்தினார். "வாப்பாட்ட நான் எந்த முகத்தோட சொல்றது?" என்றார்.

டொக்டரும் அவர் பக்கத்தில் நிலத்திலேயே உட்கார்ந்தார். "திறப்பப் பறிக்காத தம்பி. பள்ளிக்கும் சந்தைக்கும் அவர ஆரு கூட்டிப்போற எண்டு முதல்ல முடிவெடு. மறுகா திறப்பக் கேளு. தாற மனுசன் தருவார்."

காரைதீவில் டொக்டருடைய இறுதிக் கிரியைக்கு ரபீக்கும் ஊன்றுகோலில் வந்திருந்தார். என்னோடு அவர் இன்றுவரை கதைத்ததில்லை. அன்றும் கதைக்கவில்லை. சுடலை வரை என் பக்கத்தில் நடந்தார்.

டொக்டர் என்னை மன்னித்ததாக ஒருநாளும் சொல்லவில்லை. ஒரு வேலையைத் தந்தார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான். போன சனிக்கிழமை டிஸ்பென்சரியில் புதிய டொக்டர் பொறுப்பேற்றார், இளம் பெண். முதல் சாரதியை உள்ளே கூப்பிடுமுன் வாசலுக்கு வந்து, "புஷ்பாக்கா சொன்னவ. உண்மையா அடிப்பாங்களா?" என்று கேட்டார்.

"ஓம் டொக்டர், சில பேர் அடிப்பாங்க" என்றேன். "உங்களுக்குச் சரியெண்டு பட்டத எழுதுங்க. நான் இஞ்சதான் இருப்பன்."