எட்டுக் கிரகச் சாமியார் கட்டிய காப்பு

எட்டுக் கிரகமும் ஒன்றுகூடி உலகம் அழியப்போகிறது என்று எங்கும் அதே பேச்சாக இருந்த வருஷம் அது. இலுப்பூருக்கு மேற்கே ஒரு பாறையடியில் வந்து உட்கார்ந்தான் ஒரு சாமியார், கட்டையில போறவன். தன் கையால் காப்புக் கட்டிக்கொண்டவர்கள் மட்டும்தான் பிழைப்பார்களாம். என் வீட்டுக்காரர் என்னையும் ஐந்து வயது மகளையும் இழுத்துக்கொண்டு போய் மூன்று பேருக்கும் மஞ்சள் காப்புக் கட்டவைத்தார்.

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினாலே எங்கள் பக்கத்தில் ஊர் எல்லை தாண்ட மாட்டோம். அந்தப் பழக்கம் அவனுக்குத் தோதாகப் போயிற்று. பாறையைச் சுற்றி வேல்கம்போடு ஆட்களை நிறுத்தினான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறேன் என்று கிளம்பிய ஒருவரின் முழங்காலை எங்கள் கண்முன்னே உடைத்தார்கள். அதற்கப்புறம் யாரும் எல்லைப் பக்கம் போகவில்லை.

அழிவு நாள் என்று சொன்ன அன்று உச்சிவேளையில் சாமியார் எழுந்து, பாறைக்குப் பின்னாலிருந்த கிணற்றைக் காட்டினான். முதலில் பிள்ளைகள் குதிக்க வேண்டும், பெரியவர்கள் பின்னால் போக வேண்டும் என்றான். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தேன். ஆம்பிளைகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரிசை கட்டினார்கள். என் வீட்டுக்காரர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார். ஓடிப்போய் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"சாமி, நான் தூரமாயிட்டேன். தெரியாம பிள்ளையத் தொட்டுட்டேன்."

பச்சைப் பொய். மாதத் தீட்டு முடிந்து போன வாரம்தான் தலைக்குக் குளித்திருந்தேன். அது வீட்டுக்காரருக்கும் தெரியும். இருந்தும் மகளின் கையைச் சட்டென்று விட்டார். என்னைப் பார்த்தார். சொல்லிவிடுவாரோ என்று மகளை இன்னும் இறுக்கிக்கொண்டேன். நல்லவேளை, சொல்லவில்லை.

உலகமே அழியும் என்றவன் தீட்டுக்குப் பயந்து பின்னால் நகர்ந்தான். "ரெண்டு பேரும் அங்கிட்டுப் போங்க, எல்லைக்கு வெளிய" என்றான். வேல்கம்புக்காரர்கள் என் மேல் பட்டுவிடாமல் ஒதுங்கி வழிவிட்டார்கள். மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பின்னால் ஒரு பெண்குரல், "சாமி, எனக்குந்தான்" என்றது. பிறகு இன்னொரு குரல். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. எல்லை தாண்டிப் பார்த்தால், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தனை தாய்மாரும் வந்துகொண்டிருந்தார்கள்.

நாங்கள் போய்ச் சொல்லி, யாரும் குதிப்பதற்குள் போலீஸ் வந்து அவனைப் பிடித்துக்கொண்டு போனது. மறுநாளும் பொழுது விடிந்தது. வீட்டுக்காரர் வந்தார். எப்போதும்போல, கிணற்றடிக்குக் குளிக்கப் போகலாம் வா என்று மகளுக்குக் கையை நீட்டினார். அவள் என் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். போ என்று நானும் சொல்லவில்லை.