உள்ளே புகுந்த காற்று

ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஊர் ஊராக அலைந்தபின், மதுரையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் கூடத்தில் எடுபிடி வேலை கிடைத்தது. பேரையூர்ப் பக்கம் ஒரு மாட்டு ஆஸ்பத்திரியில் சினை ஊசி மருந்தைக் குளிரில் வைக்கத் திரவ நைட்ரஜன் இருக்கும். அதை ஒரு கேனில் வாங்கி, காலிடுக்கில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவேன்.

ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்ணுக்காகத்தான் அது. என்ன செய்கிறார் என்று ஒருநாள் கேட்டேன்.

"கோபால்ட்டை ஆவியாக்கிக் கண்ணாடி மேல படிய வைப்போம்ணே. சில அணு கனம்தான். ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம், அதுல அம்புட்டும் ஒரே பக்கம் பாக்கும். லேசாக் காத்துப் பட்டா மேல துரு மாதிரி ஆக்சைடு வரும். அதுல ஒரு வரிசை இந்தப் பக்கம் பாத்தா அடுத்தது எதிர்ப்பக்கம்."

"எங்க அண்ணன் தம்பிக மாதிரி."

"உங்க வீட்டுக்கு நான் வரலண்ணே." சிரித்தார். "காந்தத்துக்குள்ள வச்சு நைட்ரஜன்ல குளிர வச்சா, ரெண்டும் தொடுற வரிசையில ஆக்சைடு கோபால்ட்டைப் பிடிச்சுக்கிரும். பிறகு அது லேசுல திரும்பாது. அந்தப் பிடி எம்புட்டுன்னு அளந்துட்டா தீசிஸ் முடிஞ்சுரும்."

அந்த மாதத்தோடு அவருடைய உதவித்தொகை நின்றுவிடும். கோபால்ட் கம்பியும் கடைசித் துண்டுதான்.

அதைப் படிய வைத்த அன்று, நான் கேனோடு திரும்பியபோது கூடம் இருட்டாகக் கிடந்தது. ஜெனரேட்டர் மட்டும் ஓடியது, ஆடிட்டோரியத்துக்காக. அங்கே பட்டிமன்றம்; கைதட்டல் இங்கே வரை கேட்டது.

"நைட்ரஜன் வந்துருச்சு."

"இனி வேணாம்ணே." நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "படலம் சூடா இருக்கும்போதே கரன்ட் போயிருச்சு. காத்தை உறிஞ்சுற பம்ப் நின்னு, காத்து உள்ள போயிருச்சு. கரன்ட் நடுவுல கொஞ்ச நேரம் வந்துச்சு, காந்தத்துல வச்சுப் பாத்துட்டேன். பூராவும் ஆக்சைடு. பிடிக்கிறதுக்கு ஆள் இருக்கு, பிடிபட கோபால்ட் இல்ல."

"ஜெனரேட்டர்லேருந்து ஒரு லைன் கேட்டிருக்கலாமே?"

"போன மாசமே ஆபீஸ்ல கேட்டேன். இந்த நிகழ்ச்சி முடியட்டும்னாங்க."

கேனின் வாயில் புகை வந்துகொண்டிருந்தது. மூடவும் தோன்றவில்லை.

மாதம் முடிந்ததும் அவர் கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளிக்கு அறிவியல் நடத்தப் போனார். தீசிஸ் பாதியில் நிற்கிறது. கூடத்தில் வேறு யாருக்கும் நைட்ரஜன் தேவைப்படவில்லை. என்னையும் நிறுத்திவிட்டார்கள். பழங்காநத்தத்தில் ஒரு கடையில் மூட்டை இறக்கப் போனேன்.