சாலமன் அண்ணாத்தயும் லண்டன் நாஸ்தாவும்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சாலமன் அண்ணாத்த இறந்துபோன செய்தி நம் ரிசார்ட் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, நான் அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினேன். படத்தில் கோட்டு போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பூ, பக்கத்தில் மெழுகுவத்தி. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கீழே இருந்ததை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் கை முந்திக்கொண்டது. "அண்ணாத்த, பிரியாணி எப்போ?" என்று குரல் பதிவு வேறு. கேண்டீன் அக்கா உடனே போன் செய்தார். "கன்னியப்பா, அத்த மொதல்ல அழி. அண்ணன் பூட்டாருடா." கேளம்பாக்கத்தில் வண்டியை ஓரம் கட்டி நின்றேன். பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அடிக்கட்டும் என்று நின்றேன்.

செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி, மாமல்லபுரம் கடற்கரையில் இருக்கும் நம் ரிசார்ட்டுக்கு வருவார். கம்ப்யூட்டர்கள் அவர் பொறுப்பு. ஏசியும் கரண்டும் என் பொறுப்பு. அவருடைய அறைக்குக் குளிர் கொடுப்பவன் என்ற திமிர் எனக்கு. "நான் இல்லாட்டி நீ அவிஞ்சிடுவ அண்ணாத்த" என்பேன். "நீ இருக்க சொல்லவே அவிஞ்சிகினுதான் கீறேன்" என்பார்.

ஒரு வருஷம் மதியம் இரண்டு மணியானால் வரவேற்பறைக் கம்ப்யூட்டர் எல்லாம் உறைந்துவிடும். அறை கேட்டு வந்தவர்கள் பெட்டியோடு வரிசையில் நிற்பார்கள். "சர்வர் ரொம்ப ஸ்லோ" என்று மேனேஜர் கத்தினார். நம் ரெஸ்டாரண்ட் சர்வர் மணி, பாவம், தட்டைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தார். இரண்டு நாள் ஓடினார். மேனேஜர் சொன்ன சர்வர், உள்ளறையில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் தலைமையாக நின்ற பெரிய பெட்டி என்று அண்ணாத்ததான் மணியைக் கூப்பிட்டு விளக்கினார். எனக்கும் அன்றுதான் தெரியும், மணியிடம் சொல்லவில்லை.

பிறகு பழி என் பக்கம் திரும்பியது. உச்சி வெயிலில் உறைகிறது என்றால் ஏசி சரியில்லை, அறை சூடாகிறது என்றார் மேனேஜர். அடுத்த வாரம் வேறு ஆளைப் போடப்போவதாக என் முகத்துக்கு நேராகவே சொன்னார். பெண்ணுக்கு நிச்சயம் ஆகியிருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டாரிடம் ரிசார்ட் வேலை என்று சொல்லியிருந்தேன்.

"இன்னா அண்ணாத்த, நீயாவது சொல்லேன், ஏசி நல்லாத்தான் கீதுன்னு."

"நான் இன்னாத்துக்குச் சொல்லணும்? அதுவே சொல்லும். ஒரு வாரம் போவட்டும்."

மேனேஜரிடம் அந்த ஒரு வாரத்தைக் கேட்டு வாங்கினார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வர் தன் நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தார். எவ்வளவு வேலை செய்கிறது, நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எவ்வளவு சூடு, அப்போது உள்ளே என்னென்ன ஓடுகிறது, எல்லாம். யாரும் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டாம். "நாம போய்ப் பாக்க சொல்ல எல்லாம் ஒழுங்காத்தான் நடிக்கும் மச்சான். பாக்காதப்போ இன்னா பண்ணுதுன்னுதான் தெரியணும்" என்றார். "என் சம்சாரத்துக்கு இத்தச் சொல்லிக் குடுத்துடாத" என்றேன்.

அந்த வாரத்தின் கடைசி நாள் மேனேஜர் அறையில் அண்ணாத்த திரையைத் திருப்பிக் காட்டினார். சூட்டுக்கான கோடு காலையிலிருந்து மாலைவரை படுத்தே கிடந்தது. வேலைக்கான கோடு சரியாக இரண்டு மணிக்குச் செங்குத்தாக ஏறியது. அந்த நேரத்தில்தான் ரிசார்ட் கணக்கு முழுவதையும் பிரதி எடுக்கும் வேலை ஓடியிருக்கிறது.

"அத அந்த நேரத்துல போட்டது யாரு?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார்."

விருந்தாளிகள் நாஸ்தா சாப்பிடும் காலை எட்டரைக்கு ஓடட்டும் என்று போட்டாராம். சர்வரின் கடிகாரம் லண்டன் நேரத்தில் இருந்ததைக் கவனிக்கவில்லை. அங்கே எட்டரை என்றால் நமக்கு மதியம் இரண்டு. மேனேஜர் அவரைப் பிடித்த பிடி இருக்கிறதே, அதை எழுத மாட்டேன். தலை குனியாமல் கேட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "லூசா அண்ணாத்த நீ? நைசா டைம மாத்திட்டுக் கம்முனு இருந்திருக்கலாம் இல்ல?"

"மாத்துனா மெஷின் சரியாயிடும் மச்சான். உன் பேரு சரியாவாதே."

அதற்குப் பதிலாக நான் செய்தது, அன்று முதல் அவருக்கு "லண்டன் நாஸ்தா" என்று பெயர் வைத்ததுதான். உங்களில் பலர் அப்படித்தான் கூப்பிட்டீர்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். என் மகள் கல்யாணத்தில் மொய் எழுதும் இடத்திலும் அந்தப் பெயரையே சொல்லி எழுத வைத்துவிட்டுப் போனார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: யார்மேலும் பழி போடுமுன், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது. போன வாரம் எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி சீக்கிரம் காலியானது. கீழ்வீட்டுக்காரர்தான் மோட்டார் போட்டு இழுக்கிறார் என்றாள் என் மனைவி. பார்த்துவிட்டுச் சொல்வோம் என்றேன். போனில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும்படி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் மாடி ஏறி, மூடியைத் திறந்து, போன் வெளிச்சத்தில் மட்டம் பார்த்தேன். நான்காவது முறை போன் உள்ளே விழுந்தது. தொட்டி அப்போது நிறைந்திருந்தது. பத்து நிமிடம் கழித்து உள்ளிருந்து மணி அடித்தது.